நோய்க்கு ஒரு விலாசம், நமக்கும் ஒரு விலாசம்

(திருகோணமலை லிங்கநகரில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுடன் நடந்த சந்திப்பில் ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ள அங்கத்தவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பேசியபடியே, சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)



நாங்கள் இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி இங்கே வந்ததும் ஒரு அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டு, "கொதிச்சு ஆறின தண்ணி டீச்சர், பயப்படாம குடிங்க" என்றார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது நமது வழக்கம். ஆனால் தண்ணீரைக் கொடுக்கும்போது பயப்பட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலை எப்படி வந்தது? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். பின்னேரத்திலும் லீவு நாட்களிலும் சங்க வேலை செய்கிறோம். டொக்டர் இல்லை. ஆகவே மருந்து பற்றிப் பேச வரவில்லை. ஒரு நோய் எந்தக் குழாயிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு யாரிடம் என்ன கேட்பது, அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அதற்கு டொக்டர் பட்டம் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், அக்கம்பக்கத்தாரை அறிந்த ஒரு ஆள் இருந்தால் போதும்.

முதலில் எங்களுடைய பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. 5 ஆம் தரத்தில் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. அடுத்த கிழமை 4 ஆம் தரத்தில் மூன்று பேர் வரவில்லை. வரவு இடாப்பில் "வரவில்லை" என்று குறித்தோம். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கொழுந்து அதிகமான காலம், வீட்டில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருப்பார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். மூன்றாவது கிழமை ஒரு பிள்ளை திரும்பி வந்தது. கண் இரண்டும் மஞ்சள். "என்னம்மா?" என்று கேட்டால், "கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்தாங்க டீச்சர், இப்ப சரி" என்றது.

கீழ்க்காய்நெல்லி கொடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. நம்முடைய பாட்டிமார் கொடுத்துவந்தது. ஆனால் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகாததால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தத் தோட்டத்தில் செங்கண்மாரியே இல்லை. தோட்டத்து ஆபீஸில் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள்: "எங்கட புத்தகத்துல ஒரு வருத்தமும் பதிவாகல்லையே." பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே புத்தகத்தில் இல்லை.

அன்று இரவு இடாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் லயங்களை வரைந்தோம். எந்தக் காம்பராவில் எந்தப் பிள்ளை, எந்தப் பிள்ளை எத்தனையாம் திகதியிலிருந்து வரவில்லை என்று சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தோம். மறுநாள் லயம் லயமாக நடந்து, பாடசாலைக்கு வராத பெரியவர்களையும் சேர்த்தோம். மொத்தம் 11 புள்ளி. அதில் 9 புள்ளி கீழ் லயத்தில். கீழ் லயத்துக்கு ஒரே ஒரு குழாய்.

மற்ற இரண்டு புள்ளியும் மேல் லயத்தில் இருந்தன. அங்கே வேறு பீலித் தண்ணீர். இது ஏன் என்று குழம்பினோம். கேட்டுப் பார்த்தால், அந்த இரண்டு பிள்ளைகளும் பள்ளி விட்டு நேரே போவது கீழ் லயத்துப் பாட்டி வீட்டுக்கு. தாய் வேலை முடிந்து வரும்வரை அங்கேதான் சாப்பாடு, தண்ணீர் எல்லாம். இன்னொரு விஷயமும் தெரிந்தது. கீழ் லயத்தின் நடுவில் ஒரு காம்பராவில் ஐந்து பேர், ஒருவருக்கும் வருத்தம் இல்லை. அந்த வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே காரணம் சொன்னார். தைப்பொங்கலிலிருந்து அவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் குழாயடிச் சண்டை. முகத்தில் முழிக்கக் கூடாதென்று தினமும் கால்மைல் நடந்து மேல் பீலியில் தண்ணீர் எடுத்திருக்கிறார். சண்டை பிடித்தது அந்த ஐந்து பேரையும் காப்பாற்றியது!

குழாய் வரும் வழியே நடந்தோம். ஓரிடத்தில் குழாய் உடைந்து, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அந்த இடம் கானுக்குள் இருந்தது. கானுக்கு மேலே மலசலகூடக் குழி. தண்ணீர் வரும் நேரம் குழாயிலிருந்து தண்ணீர் வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய் வெறுமையாகி, கானில் நிற்பதை உள்ளே இழுக்கும். மறுபடி திறந்ததும் முதலில் வருவது அதுதான். பெயர்ப் பட்டியலும் கலண்டர் தாளும் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன பிறகுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். குழாய் மாறியது. தாங்கிக்குக் குளோரின் போட்டார்கள்.

ஆனால் 5 ஆம் தரத்தில் முதல் வராமல் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி வகுப்பிலே முதல் வரிசை. பரீட்சை எழுத முடியவில்லை. அந்தப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை கிடையாது. மூன்று கிழமைக்கு முன் நாங்கள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது, அவள் ஏற்கனவே அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். அவளுக்குப் பின் விழுந்த பிள்ளைகளில் சிலரையாவது காப்பாற்றியிருக்கலாம். இந்தக் கணக்கு எங்கள் மனதில் இன்றும் இருக்கிறது.

தோழர்களே, நாங்கள் கலண்டர் தாளில் செய்த வேலையை 170 வருடங்களுக்கு முன்னர் லண்டனில் செய்திருக்கிறார்கள். அது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. லண்டன் என்றால் இன்று நாம் படத்தில் பார்க்கும் லண்டன் அல்ல. 1854 இல் சோஹோ என்ற பகுதி நமது லயம் போன்றது. ஒரு அறையில் ஒரு குடும்பம், வீட்டுக்குக் கீழே மலக்குழி, தெருவுக்கு ஒரு கைப்பம்பி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி இரவு அங்கே வாந்திபேதி வெடித்தது. முடிவதற்குள் 600 பேருக்கு மேல் செத்தார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய டொக்டர்மார், நாற்றக் காற்றால்தான் வாந்திபேதி வருகிறது என்றார்கள். ஜோன் ஸ்னோ என்ற டொக்டரோ, இல்லை, தண்ணீரால் வருகிறது என்றார். செத்தவர்களின் விலாசங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். புள்ளிகள் எல்லாம் புரோட் வீதியில் இருந்த ஒரு பம்பியைச் சுற்றி விழுந்தன. அங்கேயும் குழப்பமான புள்ளிகள் இருந்தன. பம்பிக்குப் பக்கத்திலேயே ஒரு பியர் ஆலை, 70 பேருக்கு மேல் வேலை, ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்பித் தண்ணீர் குடிப்பதில்லை, ஆலையில் கிடைத்த பியரையும் ஆலையின் சொந்தக் கிணற்றையும் நம்பியிருந்தார்கள். அநாதைகளும் ஏழைகளும் இருந்த விடுதியில் 535 பேர், அங்கே செத்தது 5 பேர்தான். அவர்களுக்கும் சொந்தக் கிணறு. மறுபக்கம், பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை அம்மா செத்துப்போனார். அந்த ஊரில் வேறு யாருக்கும் வாந்திபேதி இல்லை. விசாரித்தால், அவர் முன்பு புரோட் வீதியில் இருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் ஒரு போத்தல் வரவழைத்துக் குடித்திருக்கிறார்.

எங்கள் குழாயடிச் சண்டை அக்காவும், பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைகளும் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? கணக்கில் பொருந்தாத ஆளைத் தேடிப் போய்க் கேளுங்கள். உண்மை பெரும்பாலும் அந்த ஆளிடம்தான் இருக்கும்.

செப்டெம்பர் 8 ஆம் திகதி அந்தப் பம்பியின் கைபிடியைக் கழற்றினார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. பம்பியில் நோய் எப்படி ஏறியது என்று ஸ்னோவுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது ஹென்றி வைற்ஹெட் என்ற ஒரு இளம் பாதிரியார். அவர் அந்தத் தெருக்களிலேயே வேலை செய்தவர். ஸ்னோ சொல்வது பிழை என்று காட்டத்தான் முதலில் விசாரணையைத் தொடங்கினார். ஒரே வீட்டுக்கு நாலு தடவை, ஐந்து தடவை போனார். ஆட்கள் அவரை அறிந்தவர்கள், ஆகவே கதவைத் திறந்தார்கள், மறைக்காமல் சொன்னார்கள். கடைசியில் ஸ்னோ சொன்னதே சரி என்று அவரே ஒப்புக்கொண்டார். அத்தோடு நிற்கவில்லை. பம்பிக்கு முன்னால் இருந்த 40 ஆம் இலக்க வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று மற்றவர்களுக்கு முன்பே வயிற்றோட்டத்தில் விழுந்ததையும், தாய் அந்தத் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டின் குழியில் ஊற்றியதையும் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கற்கட்டு இற்றுப்போய் இருந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 3 அடி தூரம்கூட இல்லை. பம்பியின் கைபிடியைக் கழற்றிய அதே நாளில் அந்தக் குழந்தையின் தகப்பனும் நோயில் விழுந்தார். கைபிடி இருந்திருந்தால் அந்தக் குழியிலிருந்து இன்னொரு சுற்று நோய் புறப்பட்டிருக்கும்.

வரைபடத்தைப் போட டொக்டர் வேண்டியிருந்தது. கதவைத் திறக்கவைக்க அந்தத் தெருவை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. நம்முடைய லயத்திலும் உங்களுடைய ஒழுங்கையிலும் அந்த இரண்டாவது ஆள் நாம்தான். நாம் செய்யாவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 40 ஆம் இலக்க வீட்டுத் தாய் குழந்தையையும் புருஷனையும் பறிகொடுத்தவள். குற்றவாளி அல்ல. குழி இற்றுப்போனது அவளுடைய பிழையல்ல. எங்கள் தோட்டத்தில் அந்த உடைந்த குழாயைக் கண்டதும் சிலர், குழிக்குச் சொந்தமான வீட்டாரோடு சண்டைக்குப் போனார்கள். நாங்கள் தடுத்தோம். யார் வீட்டுக் குழி என்பதற்குள் சாதி, உறவு, பழைய பகை எல்லாம் புகுந்துவிடும். அப்படிப் புகுந்தால் அடுத்த தடவை ஒருவரும் வருத்தத்தைச் சொல்லமாட்டார்கள். நாம் தேடுவது தண்ணீர் வந்த வழியை, ஆளை அல்ல.

இப்போது கொஞ்சம் பாடம். கொப்பி இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரால் வரும் வருத்தம் குடித்த உடனே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை உண்டு. வாந்திபேதி சில மணித்தியாலத்திலிருந்து 5 நாளுக்குள் காட்டும். சளியும் இரத்தமுமாகப் போகும் வயிற்றுளைவு பெரும்பாலும் 1 முதல் 3 நாளில். நெருப்புக்காய்ச்சலுக்கு ஒரு கிழமை முதல் மூன்று கிழமை வரை ஆகலாம். செங்கண்மாரிக்கு 15 நாள் முதல் 50 நாள் வரை, பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே கண் மஞ்சளான பிள்ளையிடம் "நேற்று என்ன குடித்தாய்?" என்று கேட்டுப் பயனில்லை. போன மாதம் எங்கே போனாய், கோயில் திருவிழாவில் எந்தத் தண்ணீர், கல்யாண வீட்டில் எந்தச் சர்பத் என்று கேட்க வேண்டும்.

செங்கண்மாரியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கண் மஞ்சளாவதற்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை முன்னரே அந்த ஆளின் மலத்தில் கிருமி போகும். சின்னப் பிள்ளைகளுக்குப் பல வேளை மஞ்சளே தெரியாது, ஆனால் பரப்புவார்கள். எனவே ஒரு மஞ்சள் கண்ணைக் கண்டால் தெரியாத பலர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்வது அதனால்தான்.

திகதியும் பேசும். ஒரே கிழமையில் இருபது பேர் விழுந்தால், அவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஓரிடத்தில் ஒன்றாகக் குடித்திருக்கிறார்கள், ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இரண்டு, மூன்று என்று மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு குழாய் கசிகிறது, அல்லது வீட்டுக்கு வீடு கைமாறுகிறது. அதனால்தான் பெயரைவிடத் திகதி முக்கியம் என்கிறோம்.

சரி, அரசாங்கம் இந்தக் கணக்கை எடுக்கவில்லையா? எடுக்கிறது. 1897 ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலே, இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், டொக்டர் 544 என்ற இலக்கப் படிவத்தை நிரப்பி நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். கிழமைக்கு ஒரு தடவை எல்லாக் கணக்கும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அவர்கள் வாராவாரம் ஒரு அறிக்கை வெளியிடுகிறார்கள். வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், ஈரல் அழற்சி, எலிக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல், நுவரெலியாவுக்கு ஒரு வரி, பதுளைக்கு ஒரு வரி, திருகோணமலைக்கும் ஒரு வரி.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தச் சங்கிலி முழுவதும் ஒரு கொக்கியில் தொங்குகிறது. அந்தக் கொக்கி நோயாளியின் விலாசம். விலாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் பரிசோதகர் வருவார். விலாசம் பிழையென்றால் சங்கிலி அங்கேயே அறும்.

நம்முடைய விலாசம் என்ன? தலைமுறை தலைமுறையாக, தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான். லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை, காம்பராவுக்குத் தபால் இலக்கம் இல்லை. கடிதம் ஆபீஸுக்கு வரும், ஆபீஸிலிருந்து எப்போதாவது நம் கைக்கு வரும். வேலைக்கு ஆள் எடுத்த கடிதம் திகதி முடிந்த பிறகு வந்த கதை உங்களுக்கும் தெரியும். அதே விலாசத்தைத்தான் ஆஸ்பத்திரியிலும் எழுதுகிறார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே விலாசம் என்றால், எந்தக் குழாயில் நோய் என்று எப்படித் தெரியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். அங்கே நெருப்புக்காய்ச்சல் பிடித்தால் லீவு போட்டு ஊருக்கு வந்து, ஊர் ஆஸ்பத்திரியில் படுத்து, அடையாள அட்டையில் உள்ள தோட்டத்து விலாசத்தைக் கொடுக்கிறார்கள். நோய் கொழும்புத் தண்ணீரில் இருக்கிறது, கணக்கு நம் மலையில் ஏறுகிறது. அந்த அறைக்கு ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை. அடுத்த பிள்ளை அந்தப் பாயில் வந்து படுக்கிறது.

விலாசம் இல்லாத கதை நமக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் கிடைத்த குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், ஏனென்றால் பெயர் எழுதிய இடாப்பு இல்லை. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் ஆட்களை நாட்கணக்கில் தடுத்து வைத்து, உடம்பைப் பார்த்து, ஊசி போட்டுக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே கணக்கு நன்றாக எடுத்தார்கள். எதற்காக? நம்மால் மற்றவர்களுக்கு நோய் வந்துவிடக் கூடாது என்று. மலைக்கு வந்த பிறகு நமக்கு நோய் வராமல் காக்க அதே கவனத்தோடு எடுத்த கணக்கு எங்கே? நாம் எண்ணப்பட்டவர்கள். இனி நாமே எண்ண வேண்டும்.

இந்த இடத்தில் உங்களோடு ஒரு விஷயம் மனம்விட்டுப் பேச வேண்டும். 1973, 74 பஞ்சத்திலும், 1977 இலும், 1983 இலும் மலையிலிருந்து குடும்பங்கள் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் வந்தன. லயத்தை விட்டு வந்தால் சொந்தக் கூரை கிடைக்கும் என்று வந்தார்கள். கூரை கிடைத்தது. பலருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. உறுதி இல்லாத வீட்டார் குழாய் இணைப்புக் கேட்கப் போனால் முதலில் அந்தப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். அப்போது மிஞ்சுவது கிணறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர் இருக்க வேண்டும் என்று அகதி முகாம்களுக்கான சர்வதேச அளவுகோல் சொல்கிறது. அது ஏறத்தாழ 100 அடி. மலையகத்தில் புது வீட்டுக்குக் கொடுத்த காணி 7 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 40 அடிக்கு 48 அடி. அதற்குள் வீடு, குழி, கிணறு எல்லாம் வர வேண்டும். 48 அடிக் காணியில் 100 அடி தூரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பக்கத்து வீட்டிலும் அதே அளவு, அங்கேயும் ஒரு குழி. நெருங்கிய குடியிருப்பில் என் குழி உன் கிணற்றுக்குப் பக்கம், உன் குழி என் கிணற்றுக்குப் பக்கம். சுத்தமாக இரு என்று நமக்கு வகுப்பெடுப்பவர்கள் இந்தக் கணக்கைச் செய்து காட்டட்டும். காணிப் பிரச்சினை வேறு, தண்ணீர்ப் பிரச்சினை வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மழையும் சேர்ந்துகொள்கிறது. எங்களுக்கு ஆனி, ஆடி. உங்களுக்குக் கார்த்திகை, மார்கழி. மழைக்கு நிலத்தடித் தண்ணீர் மேலே வரும். கிணற்றுத் தண்ணீரும் குழித் தண்ணீரும் மண்ணுக்குள்ளே சந்தித்துக்கொள்ளும். மேலே பார்த்தால் கிணறு பளிங்கு போல இருக்கும்.

குழாய் வந்துவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. கடலுக்கு அப்பால் காரைக்காலைப் பாருங்கள். 2022 ஜூலை 3 ஆம் திகதி புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. காரணம் வாந்திபேதி. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பழைய குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்திருந்தது என்று சொன்னார்கள். எங்கள் கீழ் லயத்துக் கதைதான், ஒரு நகரத்தின் அளவில். நம் நாட்டிலும் 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை அடைத்து வைத்தபோது செங்கண்மாரி பெருமளவில் பரவியது. சனத்தை நெருக்கி வைத்து, தண்ணீரைக் குறைத்து, மலசலகூடத்தையும் குறைத்தால் எந்த ஊரிலும் முடிவு இதுதான்.

இனி என்ன செய்யலாம்? ஆறு காரியம் சொல்கிறோம்.

ஒன்று. லயத்துக்கு ஒரு கொப்பி, ஒழுங்கைக்கு ஒரு கொப்பி. பொறுப்பு ஒரு மாதர் அணித் தோழியிடம் இருக்கட்டும். அதில் ஐந்து நிரல் போதும்: வீடு, வயது, என்ன வருத்தம், தொடங்கிய திகதி, எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள். கொப்பியை ஊர் முழுக்கக் காட்டக் கூடாது. நோயாளியின் பெயர் பேச்சுப் பொருளாகிவிட்டால் கொப்பி செத்துவிடும்.

இரண்டு. ஒரே குழாயில், ஒரே கிணற்றில் ஒரு கிழமைக்குள் இரண்டு வீட்டுக்கு ஒரே வருத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நமது நாட்டின் குடிநீர்த் தரப்படி 100 மில்லி லீற்றர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவை நமக்கும் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று. ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டால் அடையாள அட்டையை மட்டும் நீட்டாதீர்கள். "போன மாசம் நான் இருந்தது இந்த இடத்துல, தண்ணி குடிச்சது இந்தக் கிணத்துல" என்று சொல்லுங்கள். எழுதச் சொல்லுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் போனில் சொல்லி வையுங்கள். கைவைத்தியம் செய்தாலும், ஒரு தடவை டொக்டரிடம் காட்டிக் கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

நான்கு. வயிற்றோட்டம் என்றால் ஜீவனி. ஒரு பக்கற்றுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர். பக்கற் இல்லாவிட்டால் அதே ஒரு லீற்றருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சின்னப் பிள்ளைக்குக் கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

ஐந்து. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாமும் சொல்கிறோம். ஆனால் விறகு யார் காசு, காஸ் யார் காசு? நாட்சம்பளத்தில் குழம்புக்கே அடுப்பெரிக்கக் கஷ்டப்படும் வீட்டில் தண்ணீரையும் கொதிக்க வை என்பது, குழாயைத் திருத்த வேண்டியவர்கள் தங்கள் செலவை நம் அடுப்பில் போடுவதுதான். கொதிக்க வைப்பது இன்றைக்கு. குழாய் திருத்துவது, குளோரின் போடுவது, குழியைச் சரியாகக் கட்டுவது நிரந்தரமாக. சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சம்பளத்தோடு இதுவும் மேசையில் இருக்க வேண்டும்.

ஆறு. விலாசம். காம்பராவுக்கு இலக்கம், வீதிக்குப் பெயர், காணிக்கு உறுதி, வீட்டு வாசலுக்குத் தபால். இது கௌரவப் பிரச்சினை என்று இவ்வளவு நாளும் பேசிவந்தோம். கௌரவம்தான். உயிர்ப் பிரச்சினையும்கூட. எங்கே இருக்கிறோம் என்று நாட்டுக்குத் தெரியாவிட்டால், எங்கே நோய்ப்படுகிறோம் என்பதும் தெரியாது.

இங்கே வரும்போது அந்தப் பரீட்சை எழுத முடியாமல் போன பிள்ளையின் தாயிடம், இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தோம். "பேசுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றார். அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தர வகுப்பில் படிக்கிறாள். கீழ் லயத்துக் கொப்பி இன்று அவளிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய், "யாருக்காச்சும் வருத்தமா?" என்று கேட்கிறாள். நாங்கள் கேட்க மறந்த கேள்வியை அவள் கேட்கிறாள்.

உங்கள் ஒழுங்கையில் யார் கேட்பது? கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் அந்த ஒருவரின் பெயரை மட்டும் சொல்லுங்கள். கொப்பி நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம்.